தோன்றா எழுவாய்

கோடை விடுமுறை நெருங்கும்போது வார இதழ்களின் இணைப்புகளிலும் பள்ளிகள் அனுப்பும் சுற்றறிக்கைகளிலும் ஓர் அறிவுரை தவறாமல் வந்துவிடுகிறது. குழந்தைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய கோயில்களைக் காட்டுங்கள். புத்தகக் காட்சிக்கும் இசைக் கச்சேரிக்கும் குடும்பமாகப் போய் வாருங்கள். பிள்ளைகள் முழுமையாக வளர்வார்கள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வாக்கியங்களில் ஒன்று கண்ணில் படும். இவற்றில் எழுவாய் இல்லை. யார் அழைத்துச் செல்ல வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. தோன்றா எழுவாய் நம் இலக்கணத்தில் பிழையன்று. யாரைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்போது அதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். இந்த அறிவுரையின் எழுவாய் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சுற்றறிக்கையைப் படிப்பவள், தேதியைக் குறித்து வைப்பவள், பையைக் கட்டுபவள். அம்மா.

குழந்தைகளை வெளியே கூட்டிப்போவதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. கல்வெட்டை விரலால் தடவிப் பார்த்த பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் வேறு மாதிரித் திறக்கும். என் கேள்வி வேறு. ஒரு குடும்பம் பண்பாட்டைப் பார்க்கப் போகும்போது அந்தக் குடும்பத்தின் பிள்ளை எதைப் பார்க்கிறது? சிற்பத்தைப் பத்து நிமிடம் பார்க்கிறது. தன் குடும்பத்தை நாள் முழுவதும் பார்க்கிறது. எது அதன் மனத்தில் ஆழமாகப் பதியும் என்பதைச் சொல்லப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆனெட் லாரோ 2003இல் வெளியிட்ட நூலில், நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளைகளின் நேரத்தை ஒரு திட்டமாக்கி, வகுப்பு, பயிற்சி, பயணம் என்று நிரப்பி வளர்ப்பதையும் உழைக்கும் வர்க்கக் குடும்பங்களின் வளர்ப்பு முறையையும் ஒப்பிட்டு எழுதினார். பள்ளியும் அலுவலகமும் முதல் வகை வளர்ப்பையே மதிக்கின்றன என்பதும், அந்தத் திட்டத்தை ஓட்டும் வேலை பெரும்பாலும் தாய்மார்களின் தலையில் விழுகிறது என்பதும் அவர் கண்டவை. நம் ஊர்க் கணக்கு இன்னும் கடுமை. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆணுக்கு அது 97 நிமிடம். குடும்பமாக வெளியே போகிற நாளில் பெண்ணின் அந்த ஐந்து மணி நேரம் குறைவதில்லை. விடியலுக்கு முன்னால் பாதியும் வீடு திரும்பிய பிறகு பாதியுமாகப் பிரிந்துகொள்கிறது.

அம்பையின் ஒரு கதைத் தொகுப்பின் தலைப்பு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. குடும்பப் பயணத்தின்போது அந்தச் சமையலறை மூலையை விட்டு எழுந்து வண்டியில் ஏறிக்கொள்கிறது. புளியோதரை ஒரு தூக்கில், தயிர்சாதம் ஒரு தூக்கில், சின்னவனுக்குக் காரமில்லாமல் தனியாக ஒரு டப்பா. தண்ணீர் பாட்டில்கள், மாமியாரின் மாத்திரைகள், மாற்றுத்துணி, நெகிழிப்பை, வாந்தி வந்தால் கொடுக்க எலுமிச்சம்பழம். இந்தப் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லை. அது அவள் தலைக்குள்ளேயே இருக்கிறது. ஏதாவது ஒன்று விட்டுப்போனால் மட்டும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

சேர்ந்த இடத்தில் வேலை இரண்டாகப் பிரிகிறது. அப்பா விளக்குகிறார், அம்மா கவனித்துக்கொள்கிறாள். தகவல் பலகையை உரக்கப் படிப்பவர், ஆண்டைச் சொல்பவர், வழிகாட்டியோடு பேசுபவர் அப்பா. பிள்ளை எங்கே போகிறது, கழிப்பறை எந்தப் பக்கம், அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பவள் அம்மா. 'அப்பா, இது என்ன?' என்றும் 'அம்மா, தண்ணி' என்றும் கேட்கப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறிவு ஒருவரிடமும் தாகத்துக்குத் தண்ணீர் இன்னொருவரிடமும் கிடைக்கும் என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அந்த அம்மா முதுகலை வரலாறு படித்தவளாக இருந்தாலும் அன்றைக்கு அவள் பையைச் சுமப்பவள்தான்.

மாமல்லபுரத்துக்குப் போகும் குடும்பங்கள் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்ததாகக் கடற்கரைக் கோயிலுக்கு நகர்ந்துவிடுகின்றன. பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. பல்லவர் காலத்துப் பாறைச் சிற்பம். முன்மண்டபம் பிற்காலத்தில் கட்டப்பட்டது. கண்ணன் கோவர்த்தன மலையைக் கையால் தாங்கி நிற்க, அதன் கீழே ஆயர்களும் மாடுகளும் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். ஒருவன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஒரு பெண் தலையில் பானைகளை அடுக்கிச் சுமந்துகொண்டு நிற்கிறாள். மலையே ஒருவன் கையில் நிற்கும் நேரத்திலும் அவள் தன் சுமையை இறக்கி வைக்கவில்லை. சிற்பி கிண்டலாகச் செதுக்கினானா, கண்டதைக் கண்டபடி செதுக்கினானா, தெரியாது. எனக்கு அவன் மேல் மரியாதை உண்டு. மலையைத் தாங்கியவனை எல்லோரும் பாடுவார்கள். பானையைத் தாங்கியவளையும் அவன் மறக்கவில்லை. அந்தச் சிற்பத்துக்கு முன்னால் இரண்டு தோளிலும் பைகளோடு நிற்கிற அம்மாவைப் பார்த்து, 'அம்மா, அது நீ' என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஒரு நாள் பயணத்துக்கு அதுவே போதும். ஆனால் அந்தப் பெண்ணைக் காட்டும் வழிகாட்டி குறைவு. விளக்கங்கள் எப்போதும் மலையோடு முடிந்துவிடுகின்றன.

எதைக் காட்டுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பது சிறிய விஷயமன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுபவை விமானத்தின் உயரம், உச்சிக் கல்லின் எடை, நிழல் தரையில் விழாது என்ற கதை. நிழல் விழத்தான் செய்கிறது. மாலையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். அதே கோயிலின் சுவரில் 1,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அதில் உள்ளன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. தமிழ்நாட்டில் இத்தனை சாதாரணப் பெண்களின் பெயரும் முகவரியும் ஒரே இடத்தில் கல்லில் கிடைப்பது அரிது.

இந்தப் பட்டியலைப் பெருமைக்காக மட்டும் காட்டச் சொல்லவில்லை. அதைப் பார்க்கிற பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகள்தான் முக்கியம். இவர்கள் விரும்பி வந்தார்களா, அரசன் சொன்னதால் வந்தார்களா? சொந்த ஊருக்குத் திரும்பிப் போக முடிந்ததா? கல்லைச் சுமந்தவர்களின் பெயர் ஏன் இல்லை? அதே கோயிலில் அரசன் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும் தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும் வெட்டச் சொன்னானே, செல்வம் இருந்த பெண்ணுக்கும் உழைப்பு மட்டும் இருந்த பெண்ணுக்கும் கல்லில் கிடைத்த இடம் ஒன்றா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. உச்சிக் கல்லின் எடையைக் கேட்ட பிள்ளை வாயைப் பிளக்கும். இந்தப் பெயர்களைக் கேட்ட பிள்ளை யோசிக்கும்.

திருவையாற்றுக்குப் போகிறவர்கள் தியாகராஜர் சமாதியைப் பார்க்கிறார்கள். அந்தக் கோயிலைத் தன் செல்வத்தைச் செலவிட்டு எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மா. ஆராதனையில் ஆண்கள் மட்டுமே பாடிய காலத்தில், பெண்களுக்கு இடம் கிடைக்காதபோது, பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தவர் அவர். 1952இல் இறந்த அவருடைய சிலை இன்றும் அந்தச் சமாதியை நோக்கியபடி அங்கே இருக்கிறது. பாட்டு வகுப்புக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஊரில் முதலில் காட்ட வேண்டியது எதுவென்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மிடம் பண்பாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் கோயில் பயணம்தான். மாதத்தின் சில நாட்களில் தாய் உள்ளே வருவதில்லை. வாசலில் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறாள். 'அம்மா ஏன் வரலை?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் மழுப்பலான பதிலும் அன்றைய பண்பாட்டுக் கல்வியில் அடக்கம். பதின்மூன்று வயது மகள் அந்தப் பதிலைத் தனக்கான எதிர்கால அறிவிப்பாகக் கேட்டுக்கொள்கிறாள். கோயிலையே பண்பாடு என்று சொல்லும்போது இந்த மாநிலத்தின் இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதையும் நாம் நினைப்பதில்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தது 1939 ஜூலை 8இல். அதற்கு முந்தைய தலைமுறைகளின் எத்தனையோ தாய்மார்களுக்கு அந்தக் கோபுரம் வெளியே நின்று பிள்ளைக்குக் காட்டும் பொருளாக மட்டுமே இருந்தது. பொற்றாமரைக் குளத்தின் படியில் பிள்ளைகளோடு உட்காரும்போது இதையும் சொல்லலாம். சொன்னால் குளத்தின் அழகு குறைந்துவிடாது.

கீழடி அருங்காட்சியகம் இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2023இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் அரசனின் வாளையோ கிரீடத்தையோ தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். நூல் நூற்கும் தக்களி, மணிகள், தந்தத்தில் செய்த சீப்பு, பகடைக்காய், பானை ஓட்டை உடைத்துத் தேய்த்த வட்டச் சில்லுகள், ஆதன் என்று பெயர் கீறிய ஓடு. வீடும் பட்டறையும் சார்ந்த பொருட்கள். இங்கே அப்பாவின் விளக்கவுரை கொஞ்சம் தடுமாறும். சில்லு என்றால் என்னவென்று ஆண்டுகளையும் உயரங்களையும் மனப்பாடம் செய்தவருக்கு உடனே தெரியாது. பாண்டி ஆடிய பாட்டிக்குத் தெரியும். எந்த ஓடு சரியாகச் சறுக்கும், எது உருண்டு கோட்டைத் தாண்டிவிடும், ஓரத்தை எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவள் சொல்லத் தொடங்கினால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பார்கள். அந்தச் சில்லுகள் எல்லாம் ஆடுவதற்கே செய்யப்பட்டவையா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பாட்டியின் கையில் இருந்த அறிவும் அருங்காட்சியகத்தில் வைக்கத் தக்கது என்று பேரப்பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொள்கிறது. நம் வீட்டில் அறிவாக எண்ணப்படாத ஒன்றுக்கு அங்கே விளக்கும் கண்ணாடியும் போட்டிருக்கிறார்கள்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒருமுறை முதலாண்டு மாணவிகளிடம், சிறுவயதில் குடும்பத்தோடு போய்வந்த ஓர் இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் இரண்டு கேள்விகள் கேட்டேன். அன்றைக்கு அம்மா என்ன கொண்டுவந்தார்? அம்மாவுக்கு அங்கே எது பிடித்திருந்தது? முதல் கேள்விக்கு வகுப்பே கலகலத்தது. எலுமிச்சைச் சாதத்தின் மணம், தூக்கின் நிறம், கசிந்துபோன மோர் என்று எல்லாம் நினைவிருந்தது. இரண்டாவது கேள்விக்கு வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, தன் அம்மா ஒரு கோயில் தூணில் இருந்த யாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், அப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகே வந்ததாகவும் சொன்னாள். "என்ன பார்த்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல மேம்" என்றாள். அந்தப் பெண்களில் ஒருத்தியையும் நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஒன்று பிடித்திருக்கக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

புத்தகக் காட்சியில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. சனி, ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பிள்ளைகளின் அரங்கில் ஒரு மணி நேரம், அப்பா தேடிவந்த நூலுக்கு அரை மணி நேரம். அம்மா இரண்டு கையிலும் பைகளோடு அரங்கின் வாசலில், வழியை மறைக்காமல் ஓரமாக நிற்கிறாள். கடைசியில், 'உனக்கு ஏதாவது வேணுமா?' என்று கேட்கப்படும்போது பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது. கையில் பணமும் குறைந்துவிட்டது. 'ஒண்ணும் வேண்டாம், போகலாம்' என்கிறாள். இந்த நூலைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு அந்த வாசல் நன்றாகத் தெரிந்திருக்கும். வேண்டாம் என்று அவள் சொன்னதை அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றே மகன் புரிந்துகொள்வான். இருபது ஆண்டுகள் கழித்துத் தன் மனைவியை அதே ஓரத்தில் நிற்க வைப்பதில் அவனுக்கு உறுத்தல் இருக்காது.

'முழுமையான பிள்ளை' என்ற சொல்லை இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு ராகங்களை அடையாளம் காணும், சோழர் செப்புத்திருமேனியையும் பல்லவர் கற்சிற்பத்தையும் வேறுபடுத்தும், மேடையில் கூச்சமின்றிப் பேசும் ஒரு மகன், தான் குடித்த தண்ணீர் பாட்டிலைத் தாயின் தோளில் இருக்கும் பையில் திரும்பச் செருகுகிறான் என்றால் அவனிடம் எது முழுமை பெற்றிருக்கிறது? பண்பாடு என்ற சொல்லில் பண்பும் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதிக்குத்தான் நாம் நுழைவுச்சீட்டு வாங்குகிறோம்.

தாய்மார்கள் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகத் திட்டமிட்டால் இது சரியாகிவிடும் என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் தலைக்குள் இருக்கும் பட்டியல் ஏற்கெனவே நீளம். பட்டியல் இடம் மாற வேண்டும். சாப்பாட்டை வெளியே வாங்கிக்கொள்ளலாம். கட்டித்தான் போக வேண்டுமென்றால் வீட்டில் சமைக்கத் தெரிந்தவர் அன்றைக்கு ஒருவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும், ஆண்பிள்ளை முதலாக, தன் பையைத் தானே சுமக்கலாம். மூன்று இடத்தில் ஒன்றையாவது அம்மா தேர்ந்தெடுக்கலாம். அவள் ஒரு சிற்பத்தின் முன்னால் நிற்கும்போது யாரும் கூப்பிடாமல் காத்திருக்கலாம். காத்திருப்பது பிள்ளைகளுக்கு வராத கலை இல்லை. தம்பி ஊஞ்சலாடி முடிக்கும்வரை அக்காவைக் காக்க வைக்க நமக்குத் தெரிகிறதல்லவா?

வீட்டில் யாரும் மாறப் போவதில்லை என்றால், அவர்களை விட்டுவிட்டும் போகலாம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்கும் சந்தைக்கும் போவதற்கான சலுகையாக மட்டும் அதை நினைக்க வேண்டியதில்லை. பணம் கேட்காமல், காரணம் சொல்லாமல் ஊரின் மறுமுனைக்குப் போய்வரும் உரிமை அது. மகளையோ மகனையோ கையில் பிடித்துக்கொண்டோ, யாரையும் பிடிக்காமலோ அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ போய், ஒரே ஒரு பொருளின் முன்னால் வேண்டிய மட்டும் நின்றுவிட்டுத் திரும்பலாம். கணவரில்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்கள் இதைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள். அவர்களுக்கு 'குடும்பமாக' என்ற சொல்லில் எழுவாய் ஒருபோதும் மறைந்திருந்ததில்லை.

அந்த மாணவியின் தாய் யாளியில் எதைப் பார்த்தார் என்று எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள் மகள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்கலாம். கேட்கப்படும் பெண் முதலில், 'நான் என்னத்தைப் பார்த்தேன்' என்றுதான் சொல்வாள். எழுந்துவிடாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.